வாசகர் கேள்வி – பதில்: ஊர்க் கோயிலைக் காக்கப் பணம் திரட்டும்போது

சொந்த ஊரில் நிற்கும் பழைய தேவாலயத்தைப் பழுதுபார்ப்பதற்காக இங்கே சிங்கப்பூரில் விருந்து, உணவுச் சந்தை, இசை நிகழ்ச்சி நடத்த விரும்பும் வாசகர்களிடமிருந்து தொடர்ந்து கடிதங்கள் வருகின்றன. ஒன்றோடொன்று தொடர்புடைய கேள்விகளை இந்த இதழில் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களையும் அவர்களுடைய ஊர்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் தாத்தாவின் ஊர் தூத்துக்குடி மாவட்டத்தின் தேரிக்காட்டுப் பகுதியில் உள்ளது. அங்குள்ள ஆலயம் நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேல் பழமையானது. கோபுரத்தில் விரிசல் விழுந்திருக்கிறது. மழைக்காலத்தில் கூரை ஒழுகுகிறது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று ஊரில் ஒரு சாரார் சொல்கிறார்கள். இங்கே வாழும் எங்கள் ஊர்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு விருந்து நடத்திப் பணம் திரட்ட எண்ணுகிறோம். மண்டபத்துக்கு முன்பதிவு செய்வதற்கு முன் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? — உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: மண்டபத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கட்டடத்துக்கு என்ன பழுது, அதற்குக் காரணம் என்ன, சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்பவற்றைப் பழங்கட்டடங்களில் அனுபவம் உள்ள ஒரு பொறியாளரோ கட்டடக் கலைஞரோ நேரில் பார்த்து எழுத்தில் தர வேண்டும். இந்தியாவில் 1984இல் தொடங்கப்பட்ட, 'இன்டாக்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் மரபுப் பாதுகாப்பு அமைப்புக்குத் தமிழ்நாட்டில் கிளைகள் உண்டு. தகுந்த ஆளைக் கண்டறிய அவர்களிடம் கேட்கலாம். ஆய்வுக்கு ஆகும் செலவை உங்கள் குடும்பங்களே முதலில் பகிர்ந்துகொள்ளுங்கள். விருந்துக்கு வருகிறவரிடம் "கோயிலுக்குப் பணம் தேவைப்படுகிறது" என்று பொதுவாகக் கேட்டால் அவர் கைக்கு வந்ததைத் தருவார். "கூரையின் ஒரு பக்கத்தை மாற்ற இவ்வளவு ஆகும், ஊரார் இவ்வளவு தந்துவிட்டார்கள், குறைவது இவ்வளவு" என்று அறிக்கையைக் காட்டிக் கேட்டால், தம் பங்கு என்ன என்று அவரே கணக்கிட்டுத் தருவார்.

இடித்துக் கட்டலாம் என்பவர்களை எதிர்த்தரப்பாக எண்ண வேண்டாம். ஒழுகும் கூரையின் கீழ் ஞாயிறுதோறும் அமர்கிறவர்கள் அவர்கள்தாம், நாம் அல்லர். ஆனால் பழைய சுவர் இனித் தாங்காது என்ற அவர்களுடைய முடிவுக்குப் பின்னால், முன்பு செய்யப்பட்ட தவறான பழுதுபார்ப்பு இருக்கக்கூடும். அந்தக் காலத்துச் சுவர்கள் சுண்ணாம்புக் காரையால் கட்டப்பட்டவை. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல இறுகும். இறுகிய பிறகும் ஈரத்தை வாங்கி வெளியேற்றும் தன்மையை இழக்காது. அந்தச் சுவரின் மேல் சிமெண்டைப் பூசினால், நிலத்திலிருந்து ஏறும் ஈரத்துக்கு வெளியேற வழி இருக்காது. ஈரத்தில் கரைந்துள்ள உப்பு சுவருக்குள்ளேயே படிகமாகிச் செங்கல்லைப் பொடியாக்கும். கடற்கரையை ஒட்டிய ஊர்களில் இது இன்னும் வேகமாக நடக்கும். சில ஆண்டுகளில் பூச்சு பாளம் பாளமாகப் பெயரும்போது, பழியைச் சிமெண்டு ஏற்பதில்லை, சுவர் ஏற்கிறது. உங்கள் ஆலயத்தில் இப்படி நடந்திருக்கிறதா என்பதை ஆய்வு செய்பவரிடம் முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

சுண்ணாம்பின் வலிமையைக் காண நீங்கள் ஊருக்குப் போக வேண்டியதில்லை. நகர மண்டப எம்ஆர்டி நிலையத்துக்கு அருகில் நிற்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தை 1856இல் கட்டத் தொடங்கினார்கள். 1861இல் அங்கே வழிபாடு தொடங்கியது. அதை எழுப்பியவர்கள் இந்தியாவிலிருந்து தண்டனைக் கைதிகளாகக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள். உட்சுவருக்கு அவர்கள் பூசியது மதராஸ் சுண்ணம்: சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெண்கருவையும் கருப்பட்டி போன்ற நாட்டுச் சர்க்கரையையும் சேர்த்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டு அரைத்த சாந்து. நம் ஊர்க் கொத்தனார்களின் கைவேலை நூற்றறுபது ஆண்டுகளைக் கடந்து நகரின் நடுவே நிற்கிறது என்று உங்கள் ஊர்ச் சபைக் கூட்டத்தில் எடுத்துச் சொல்லுங்கள். நீண்ட வாதங்களைவிட அது நன்றாகப் புரியும்.

ஆய்வறிக்கை வந்ததும் வேலையைக் கட்டங்களாகப் பிரியுங்கள். கோபுரத்துக்கு வண்ணம் பூசுவது கண்ணுக்குத் தெரியும் என்பதால் எல்லாரும் அதையே முதலில் செய்ய விரும்புவார்கள்; தண்ணீரைத் தடுப்பதுதான் முதலில் செய்ய வேண்டிய வேலை. கூரை ஓடுகள், அவற்றைத் தாங்கும் பனங்கைகள், மழைநீர் வடியும் வழிகள், கோபுரத்தில் வேர்விட்ட அரசங்கன்றுகள், சுவரைச் சுற்றிலும் தளம் போட்டுப் போட்டு உயர்ந்துபோன தரைமட்டம் ஆகிய இவை சரியான பிறகே விரிசலை அடைப்பதிலும் பூச்சு வேலையிலும் பொருள் இருக்கிறது. உங்கள் முதல் விருந்து கூரைக்கான விருந்தாக மட்டும் இருக்கட்டும். முழு வேலைக்கும் ஒரே இரவில் பணம் திரட்ட முயன்றால், கிடைத்த தொகையில் முடிவதைச் செய்வோம் என்ற நிலைக்குத் தள்ளப்பட்டு, கடைசியில் அந்தப் பணம் பெயிண்டாகத்தான் சுவரில் ஏறும்.

காலம் நீள்வதைப் பற்றி அஞ்ச வேண்டாம். உங்கள் பக்கத்து மாவட்டமான திருநெல்வேலியில், இடையன்குடி திரித்துவ ஆலயத்தை ராபர்ட் கால்டுவெல் 1847இல் கட்டத் தொடங்கினார். அது நிறைவடைந்து அர்ச்சிக்கப்பட்டது 1880இல். பனையேறும் குடும்பங்கள் வாழ்ந்த சிற்றூரில், கிடைத்த பணத்துக்கும் ஆட்களுக்கும் ஏற்ப அந்தக் கட்டடம் 33 ஆண்டுகள் வளர்ந்திருக்கிறது. அதைப் போன்ற ஒரு கோயிலைச் சீராக்க ஐந்தோ ஆறோ ஆண்டுகள் எடுத்துக்கொள்வதில் குறை ஒன்றும் இல்லை.

கேள்வி: ஊரில் இருப்பவர்கள் "சிங்கப்பூர்க்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நாங்கள் மட்டுமே தருவது முறையா? — யீஷூன் வாசகி

பதில்: முறையாகாது. அது உங்களுக்குச் சுமை என்பதைக் காட்டிலும், கோயிலுக்குக் கேடு என்பதுதான் முதன்மையான காரணம். வெளியூர்ப் பணத்தில் மட்டும் எழுந்த கூரையில் ஓர் ஓடு நகர்ந்தால், அதைச் சரிசெய்யவும் வெளியூர்க்காரர் வர வேண்டும் என்று ஊர் காத்திருக்கும்.

தென்மாவட்டத்துச் சபைகளுக்குப் பணம் திரட்டும் வழியை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. சோறு வடிக்க அரிசி அளக்கும்போது ஒரு கைப்பிடியைத் தனியே எடுத்து வைத்துக் கோயிலுக்குத் தரும் பிடியரிசி வழக்கத்தை உங்கள் பாட்டிமார் அறிவார்கள். அறுப்பின் பண்டிகையில் முதல் விளைச்சலைக் கொண்டுவந்து படைத்து, பிறகு ஏலம் விடுவார்கள். ஒரு பூசணிக்காயையோ ஒரு சேவலையோ சந்தை விலையைப் போலப் பல மடங்கு கொடுத்து எடுத்துவிட்டு, அதையே திரும்ப ஏலத்துக்குக் கொடுத்துவிடுகிறவர்களும் உண்டு. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி வைத்துத் தேருக்கும் அசனம் என்னும் ஊர்விருந்துக்கும் வசூலிக்கும் ஊர், கூரைக்கும் அவ்வாறே வசூலிக்க முடியும். கேட்பவர் யார், கணக்கு யாரிடம் இருக்கும் என்பவற்றில் நம்பிக்கை இருந்தால் போதும்.

ஆகையால் நீங்கள் முன்வைக்க வேண்டிய நிபந்தனை தொகையைப் பற்றியதாக இருக்க வேண்டியதில்லை. ஊரில் ஒவ்வொரு வீடும் ஏதேனும் ஒன்றைத் தர வேண்டும் என்பதே நிபந்தனையாக இருக்கட்டும். பணம் இல்லாத வீடு இரண்டு நாள் வேலையைத் தரலாம். ஓடு இறக்க, சுண்ணாம்பு நீற்ற, மண் அள்ள ஆட்கள் வேண்டும். ஊர்ப் பங்கு வந்து சேர்ந்த பிறகே சிங்கப்பூர்ப் பங்கு போகும் என்று தொடக்கத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள். பண்டிகை ஏலத்தை இங்கே உங்கள் குடும்பங்களுக்குள் நடத்துவதும் நல்ல யோசனை. ஊரிலிருந்து வந்த கருப்பட்டியையும் பனங்கிழங்கையும் வைத்து ஏலம் விட்டால், இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அந்த வழக்கம் அறிமுகமாகும்.

கேள்வி: விருந்தில் அதிர்ஷ்டக் குலுக்கல் சீட்டு விற்கலாமா? வீட்டில் சமைத்த பிரியாணியை விற்கலாமா? — தெம்பனிஸ் வாசகர்

பதில்: பணம் வாங்கிச் சீட்டு விற்று நடத்தும் குலுக்கல் சூதாட்டச் சட்டத்தின் வரம்புக்குள் வரக்கூடும், பொதுமக்களுக்கு உணவு விற்பது சிங்கப்பூர் உணவு அமைப்பின் விதிகளுக்குள் வரக்கூடும். இரண்டையும் முன்கூட்டியே உரிய துறையில் கேட்டு எழுத்தில் பதில் பெறுங்கள். எங்கள் கருத்தில், உரிமம் பெற்ற உணவகத்திடம் சமையலை ஒப்படைத்துவிட்டுக் குலுக்கலுக்குப் பதிலாக ஏலம் வைப்பது எளிது.

கேள்வி: திரட்டிய பணத்தை எப்படி அனுப்புவது? என் அண்ணன் ஊரில் இருக்கிறார். அவருடைய வங்கிக் கணக்குக்கு நான் அனுப்பி, அவர் கோயில் கமிட்டியிடம் கொடுத்துவிட்டால் வேலை சுலபமாக முடியும் என்கிறார்கள். — சுவா சூ காங் வாசகர்

பதில்: அந்தச் சுலபமான வழியில் தயவுசெய்து போக வேண்டாம். பிறருக்காகத் திரட்டிய பணத்தைக் குடும்பப் பணம்போல அனுப்புவது இரு நாட்டுச் சட்டங்களுக்கும் பொருந்தாது. உங்கள் அண்ணனும் கோயில் கமிட்டியும் பின்னர் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இங்குள்ள நிலையை முதலில் சொல்கிறோம். வெளிநாட்டு அறப்பணிக்காகச் சிங்கப்பூரில் பணம் திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். பொதுமக்களிடம் வேண்டுகோள் விடுத்துத் திரட்டினால், செலவு போக எஞ்சிய தொகையில் குறைந்தது 80 விழுக்காடு சிங்கப்பூருக்குள்ளேயே பயன்பட வேண்டும் என்பது பொது விதி. இந்த விகிதத்தைத் தளர்த்தும் அதிகாரம் ஆணையருக்கு உண்டு. ஊர்க்காரர்களும் உறவினர்களும் தமக்குள் திரட்டுவதும், தேக்காவில் நின்று வழிப்போக்கர்களிடம் திரட்டுவதும் ஒரே வகையில் மதிப்பிடப்படுவதில்லை. எனவே நிகழ்ச்சி யாருக்கானது, அழைப்பு எவ்வழியில் போகிறது என்பவற்றைத் தெளிவாக எழுதி முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். வீடு வீடாகவோ தெருவிலோ உண்டியல் ஏந்தினால் அதற்கு உரிமம் தனியாக வேண்டும். பேநவ் வழியாகக் குழுவில் ஒருவருடைய சொந்தக் கைப்பேசி எண்ணுக்குப் பணம் வாங்குவதை அறவே தவிருங்கள்.

இந்தியச் சட்டத்தில் முக்கியமானது 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம். இதில் நம் வாசகர்கள் அடிக்கடி குழம்பும் இடம் ஒன்று உண்டு. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் சிங்கப்பூரில் வேலை செய்தாலும், தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தரும் நன்கொடை வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவர் தருவது, அவர் அந்த ஊரிலேயே பிறந்தவராக இருந்தாலும், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான். அதைப் பெற அந்த அமைப்பு மத்திய உள்துறை அமைச்சகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும், அல்லது அந்தக் குறிப்பிட்ட தொகைக்கு முன் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். 2020இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அத்தகைய பணம் முதலில் டெல்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அந்த அமைப்பு வைத்திருக்கும் கணக்குக்கே வர வேண்டும். பதிவு பெற்ற ஓர் அமைப்பு அந்தப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தருவதும் அதே திருத்தத்தால் தடைசெய்யப்பட்டது.

நடைமுறையில் இதன் பொருள் இதுதான். உங்கள் ஊர்ச் சபைக்குத் தனிப்பதிவு இருக்க வாய்ப்புக் குறைவு. சபைகளை நிர்வகிக்கும் மறைமாவட்டத்துக்கோ திருமண்டலத்துக்கோ இருக்கக்கூடும். அப்படியானால் பணம் அங்கே போய், அவர்களே ஒப்பந்தக்காரரை அமர்த்தி வேலையைச் செய்ய வேண்டும். ஊர்க் கமிட்டியிடம் தொகையாக ஒப்படைக்க இயலாது. இதனால் சிலர் மனம் வருந்துவார்கள். ஊர்க் கமிட்டிக்கு வேலையை மேற்பார்வையிடும் பொறுப்பை எழுத்தில் பெற்றுத் தந்தால் அந்த வருத்தம் பெரும்பாலும் தணியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய தேவாலயங்களைச் சீரமைக்கத் தமிழ்நாடு அரசு கட்டடத்தின் வயதைப் பொறுத்து நிதியுதவி வழங்கும் திட்டம் ஒன்று இருக்கிறது; மாவட்டத்தில் உள்ள சிறுபான்மையினர் நல அலுவலகம் வழியாக அதற்கு விண்ணப்பிப்பார்கள். சீரமைப்புக்காக வெளிநாட்டு நிதி பெற்றிருக்கக் கூடாது என்பது அந்தத் திட்டத்தின் நிபந்தனைகளுள் ஒன்று. அவசரப்பட்டு இங்கிருந்து அனுப்பும் சிறு தொகை, அங்கே கிடைக்கவிருந்த உதவியைத் தடுத்துவிடக் கூடும். பணம் அனுப்பும் முன் ஊரில் யாரேனும் அதற்கு விண்ணப்பித்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரிலேயே தமிழர்களின் பழைய ஆலயங்கள் இருக்கும்போது, நம் பணம் கடல் கடந்து போகத்தான் வேண்டுமா? — சிராங்கூன் வாசகர்

பதில்: நியாயமான கேள்வி. ஓஃபிர் சாலையில் 1888இல் திறக்கப்பட்ட லூர்து அன்னை ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகவே எழுந்தது. தமிழில் வழிபாடு நடக்கும் ஆலயங்கள் வேறு சிலவும் இங்கே உண்டு. அவற்றுக்குத் தர விரும்புகிறவர்கள் தாராளமாகத் தர வேண்டும். ஆனால் இரு இடங்களின் நிலையும் ஒன்றல்ல. லூர்து அன்னை ஆலயம் 2005இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதைச் சட்டம் காக்கிறது. சமய அமைப்புகள் தம் வசமுள்ள நினைவுச்சின்னங்களைச் சீரமைக்கத் தேசிய மரபுடைமைக் கழகம் ஒரு நிதியத்தின் வழியாகச் செலவில் ஒரு பகுதியைத் தருகிறது. நல்லாயன் பேராலயத்தைச் சுமார் 40 மில்லியன் வெள்ளியில் சீரமைத்து 2016இல் மீண்டும் திறக்க முடிந்ததற்கு, அரசின் துணையோடு ஆயிரக்கணக்கான விசுவாசிகளின் நன்கொடையும் காரணம். இங்கே தகுதிபெற்ற பொதுநல அமைப்புகளுக்குத் தரும் நன்கொடைக்கு 2026ஆம் ஆண்டு இறுதிவரை 250 விழுக்காடு வரிக்கழிவும் உண்டு. ஊர்க் கோயிலுக்குத் தருவதற்கு அந்தக் கழிவு கிடையாது. தேரிக்காட்டில் நிற்கும் ஒரு சிற்றூர் ஆலயத்தை எந்தப் பட்டியலும் காப்பதில்லை. அதை நினைப்பவர்கள் அந்த ஊரின் பிள்ளைகள் மட்டுமே. அவர்களில் பலர் இங்கே இருக்கிறார்கள்.

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் படிக்கிறாள். அவள் தங்கியிருக்கும் கிராமத்தில் பழைய தேவாலயத்துக்காக ஆண்டு முழுதும் ஏதாவது நிகழ்ச்சி நடத்துகிறார்களாம். வழிபாட்டுக்கு வருவோர் சிலர்தாம். நிகழ்ச்சிக்கு ஊரே வருகிறதாம். அவர்களிடம் நாம் கற்கக்கூடியது உண்டா? — கிளமெண்டி வாசகி

பதில்: நிறைய உண்டு. இங்கிலாந்துத் திருச்சபைக்குச் சுமார் 16,000 ஆலயக் கட்டடங்கள் உள்ளன. பெரும்பாலானவை சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள பழங்கட்டடங்கள். அரசுத் திருச்சபை என்று பெயர் இருந்தாலும், ஒரு சிற்றூர் ஆலயத்தின் கூரையைச் செப்பனிடும் பொறுப்பு பெரும்பாலும் அந்தப் பங்கு மக்களையே சேர்ந்தது. அதனால்தான் உங்கள் மகள் காணும் கேக் விற்பனையும் மலர்க் கண்காட்சியும் கோடைச் சந்தையும் ஓயாமல் நடக்கின்றன.

அவர்களிடம் இரண்டு ஏற்பாடுகள் எங்களுக்கு மிகவும் பிடித்தவை. சஃபோக் மாவட்டத்தில் மட்டும் இடைக்காலத்தைச் சேர்ந்த ஆலயங்கள் ஏறத்தாழ 500 இருக்கின்றன. அவற்றைக் காக்க அமைந்த அறக்கட்டளை 1982இல் சைக்கிள் பயணம் ஒன்றைத் தொடங்கியது. பின்னர் அது பல மாவட்டங்களுக்குப் பரவியது. செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை அந்த மாவட்டத்து ஆலயங்கள் திறந்திருக்கும். மக்கள் சைக்கிளிலும் நடந்தும் ஓர் ஆலயத்திலிருந்து மற்றோர் ஆலயத்துக்குப் போவார்கள். எத்தனை ஆலயங்களைக் காண்கிறார்களோ அதற்கேற்பத் தெரிந்தவர்கள் பணம் தருவதாக முன்பே வாக்களித்திருப்பார்கள். திரண்ட தொகையில் பாதி பயணி விரும்பிய ஆலயத்துக்கும், மற்றப் பாதி மாவட்ட அறக்கட்டளைக்கும் போகும். ஆள்பலம் இல்லாத குக்கிராமத்து ஆலயத்துக்கும் அந்த இரண்டாவது பாதியிலிருந்து உதவி கிடைக்கிறது. இதில் உள்ள நீதியுணர்வு நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டும். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் ஊரின் கோயில் பளிங்குத் தரை காண்பதும், பிள்ளைகள் வெளியே போகாத அடுத்த ஊரின் கோயில் இடிந்து விழுவதும் நம் பக்கம் வழக்கமாகிவிட்டது. ஒரே சேகரத்தை, அதாவது ஒரே போதகரின் கீழ் வரும் சபைகளைச் சேர்ந்த ஊர்க்காரர்கள் சிங்கப்பூரில் ஒன்றுகூடி, திரட்டுவதில் ஒரு பகுதியை அடுத்த ஊர்க் கோயிலுக்கு ஒதுக்கினால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

மற்றோர் ஏற்பாடு ஐந்தாண்டு ஆய்வு. 1955இல் இயற்றப்பட்ட திருச்சபைச் சட்டம் ஒன்றில் தொடங்கிய விதியின்படி, அங்கே ஒவ்வோர் ஆலயத்தையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதியுள்ள கட்டடக் கலைஞர் பார்த்து அறிக்கை தர வேண்டும். உடனே செய்ய வேண்டியவை, அடுத்த சில ஆண்டுகளில் செய்ய வேண்டியவை என்று அந்த அறிக்கை பிரித்துச் சொல்லும். நிகழ்ச்சி நடத்துபவர்கள் கையில் அது இருக்கும். நம் ஊர்களில் விரிசல் கைவிரல் நுழையும் அளவுக்கு அகன்ற பிறகே கூட்டம் போடுகிறோம்.

வழிபாட்டுக்கு வராதவர்களும் நிகழ்ச்சிக்கு வருவதற்கு, 'ஆலயத்தின் நண்பர்கள்' என்ற பெயரில் பல கிராமங்களில் தனியாக இயங்கும் சங்கங்கள் பெரிதும் உதவுகின்றன. அவை திரட்டும் பணம் கட்டடத்துக்கு மட்டுமே செலவாகும். போதகரின் சம்பளத்துக்கோ சமயப் பணிக்கோ போகாது. அந்த உறுதி இருப்பதால், நம்பிக்கை இல்லாதவரும் மனம் ஒப்பித் தருகிறார்.

கேள்வி: நான் இந்து. எங்கள் ஊர் மாதா கோயில் வளாகத்துப் பள்ளியில்தான் ஐந்தாம் வகுப்புவரை படித்தேன். அந்தக் கோயிலுக்காக நடக்கும் விருந்துக்கு நான் வரலாமா, பணம் தரலாமா? யாரும் தவறாக எடுத்துக்கொள்வார்களோ என்று தயக்கமாக இருக்கிறது. — புக்கிட் பாத்தோக் வாசகர்

பதில்: தயக்கமின்றிப் போங்கள், ஐயா. உங்களைப் போன்றவர்களையும் சேர்த்தே அந்தக் கோயில் ஊர்க்கோயிலாகிறது. ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்கு ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவரைத் தமிழர்கள் தேம்பாவணிக்காகவும் சதுரகராதிக்காகவும் சமயம் பாராமல் போற்றுகிறார்கள். கால்டுவெல்லுக்கும் அதே மதிப்பு உண்டு. அவர்கள் வாழ்ந்த சிற்றூர்களின் கோயில்கள் தமிழ் வரலாற்றின் சான்றுகள் என்ற எண்ணத்தில் அவற்றைக் காப்பவர்களும் இருக்கிறார்கள்.

நிகழ்ச்சியை நடத்துபவர்களுக்கும் இங்கே ஒரு வேண்டுகோள். அழைப்பிதழில் கட்டடச் சீரமைப்புக்கு மட்டும் என்று தெளிவாக அச்சிடுங்கள். கணக்கையும் அப்படியே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த விருந்தை நற்செய்திக் கூட்டமாக மாற்ற வேண்டாம். தொடக்கத்தில் ஒரு சிறு ஜெபம் இருக்கலாம், அது யாரையும் உறுத்தாது. சைவ உணவும் போதிய அளவில் இருக்கட்டும். பள்ளியில் படித்த பிற சமயத்தவர் இரண்டு பேரை மேடைக்கு அழைத்து, அந்தக் காலத்துப் பள்ளியைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள்.

கேள்வி: 1,000 வெள்ளிக்கு மேல் தருபவர்களின் பெயரைப் பளிங்குக் கல்லில் பொறித்துக் கோயில் சுவரில் பதிப்பதாக எங்கள் குழு அறிவிக்க நினைக்கிறது. பெயர் போட்டால்தான் பெரிய தொகை வரும் என்கிறார்கள். உங்கள் கருத்து என்ன? — ஜூரோங் வாசகர்

பதில்: பெயர் போட்டால் தொகை கூடும் என்பது உண்மைதான். மின்விசிறியிலும் குழல்விளக்கிலும்கூட உபயம் எழுதும் பழக்கம் நமக்கு இருக்கிறது. அதில் உள்ள பாசத்தை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. அந்தக் கோயிலில் ஞானஸ்நானம் பெற்ற தம் தாயின் பெயர் அங்கே இருக்க வேண்டும் என்று ஒரு மகன் விரும்புவது இயல்பு. ஆனால் பழஞ்சுவரில் பளிங்கைப் பதிப்பதை நாங்கள் ஆதரிக்கவில்லை. கல்லைப் பதிக்கச் சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துச் சிமெண்டு வைப்பார்கள். எந்தக் கேட்டைத் தடுக்கப் பணம் திரட்டினோமோ அதே கேடு அந்தக் கல்லின் பின்னால் தொடங்கும். அது மட்டுமன்றி, பிடியரிசி கொடுத்த வீட்டின் பெயருக்கு அந்தக் கல்லில் இடம் கிடைக்காது.

தடித்த தாளில் கட்டிய ஒரு பதிவேட்டை வாங்குங்கள். தொகையைக் குறிப்பிடாமல், தந்தவர் அனைவரின் பெயரையும், யார் நினைவாகத் தந்தார்கள் என்பதையும், இரண்டு நாள் மண் சுமந்தவரின் பெயரையும் ஊர் வரிசைப்படி கையால் எழுதுங்கள். ஆண்டுதோறும் பிரதிஷ்டைப் பண்டிகையன்று அந்தப் பெயர்களைக் கோயில் பணியாளரான கோயில்பிள்ளை வாசிக்கட்டும். அதே ஏட்டின் பின்பகுதியில், எந்த ஆண்டு எந்தப் பக்கத்துக் கூரை மாற்றப்பட்டது, என்ன விகிதத்தில் சுண்ணாம்பும் மணலும் கலந்தார்கள், கொத்தனார் யார், எவ்வளவு செலவாயிற்று என்பவற்றையும் நிழற்படங்களோடு சேர்த்து வையுங்கள். அடுத்த முறை பழுது வரும்போது ஆய்வு செய்ய வருபவர் முதலில் கேட்பது அந்தப் பக்கங்களைத்தான். ஏட்டின் படி ஒன்றை மறைமாவட்டத்திலோ திருமண்டலத்திலோ கொடுத்துவிட்டு, மற்றொரு படியைச் சிங்கப்பூரில் உங்கள் குழுவின் செயலாளரிடம் வைத்துக்கொள்ளுங்கள்.